வெடிச் சத்தம் கேட்காத வீடு

நம்ம வாக்கிங் செட்டுல இருக்கிற அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே தடவையா எழுதிடறேன். ஆளாளுக்குத் தனித்தனியா போன் பண்ணிக் கேட்கறதை இத்தோட நிறுத்திக்குங்க. போன ஐப்பசியில ரெண்டு நாள் வேன் வச்சுக்கிட்டுப் பறவை பார்க்கப் போனோமே, அதுல ரெண்டாம் நாள் காலையில நான் ஏன் டிபன்கூடச் சாப்பிடாம வேன்ல போய்க் கதவைச் சாத்திட்டு உட்கார்ந்தேன்? சர்க்கரை ஏறிடுச்சுன்னு ஒருத்தர் சொன்னீங்க. ஜன்னல் சீட்டுச் சண்டைன்னு இன்னொருத்தர். மருமகள் போன்ல என்னமோ சொல்லிட்டான்னு ஒரு கதை வேற கிளம்பியிருக்கு. அவ பாவம், அவளை விட்டுடுங்க.

அந்தக் குளத்துக்கு நான் புதுசா வரலை. பத்து வயசுல ஒரு தரம் எங்கப்பாகூட வந்திருக்கேன். உங்க யார்கிட்டயும் சொல்லலை. ஏன்னா எங்கப்பா அந்தக் குளத்துக்குப் போறது என் வாயாலதான் நின்னுது. வருசம் முழுக்க மில்லுச் சத்தத்துக்குள்ள நின்ன மனுசனுக்கு ரெண்டே ரெண்டு நாள் சந்தோசம் இருந்தது, அதை நான் கெடுத்தேன். இதைத் தெரிஞ்சுக்கிட்டு மேல படிங்க.

அப்பா ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டர். நாங்க சிங்காநல்லூர்ப் பக்கம் லைன் வீட்டுல இருந்தோம். உக்கடத்துல பழைய சாமான் விற்கிற இடத்துல ஒரு பைனாக்குலர் வாங்கி வச்சிருந்தார். அதுல ஒரு பக்கத்துக் கண்ணாடி பூஞ்சை பிடிச்சுப் போனது. அதனால இன்னொரு பக்கத்துல மட்டும் ஒத்தைக் கண்ணை வச்சுத்தான் பார்ப்பார். லைன்ல எல்லாரும் சீட்டாடுவாங்க, சினிமாவுக்குப் போவாங்க. எங்கப்பா ஞாயித்துக்கிழமை குளத்து மேட்டுல போய் உட்காருவார். "கொக்கு பாக்கற ஆளு ஊடு எது?"ன்னு கேட்டாத்தான் போஸ்ட்மேனுக்கே எங்க வீடு தெரியும்.

அப்பாகூட மில்லுல வேலை பார்த்த ஒருத்தர் வேலையை விட்டுட்டு பஸ் டிரைவராப் போயிட்டார். ஈரோட்டுப் பக்கம், சென்னிமலை தூரத்துல தெரியும், அங்க ஒரு பெரிய குளத்தை ஒட்டி அவருக்குத் தோட்டம். ஊர்ப் பேரை எழுதலை, உங்களுக்குத்தான் தெரியுமே. மழைக்காலத்துல அந்தக் குளத்துல பறவை வந்து விழும்னு அவர் ஒரு தரம் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கார். அதுல இருந்து வருசா வருசம் தீபாவளி கழிஞ்ச மறுநாள் அப்பா கிளம்பிடுவார். மில்லு லீவு முடியறதுக்குள்ள ரெண்டு நாள் இருந்துட்டு, சட்டையெல்லாம் மீன் நாத்தத்தோட வருவார். அம்மாவும் அதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்லை.

அந்த வருசம் தீபாவளிக்கு மொத நாளே போறேன்னார். அங்கதான் ஆரம்பிச்சுது.

"நோம்பி அன்னிக்கா? நோம்பி அன்னிக்கு எவனாச்சும் ஊட்ட உட்டுட்டுப் போவானுங்களா?"

"அன்னிக்குத்தான் நெறைய வரும்."

"ஏனுங்க, கொக்குக்கும் நோம்பியா?"

அவர் காரணம் சொல்ற ஆளே இல்லைங்க. மெஷின் சத்தத்துக்கு நடுவுல கையைக் காலை ஆட்டிப் பேசியே பழகினவர். வீட்டுக்கு வந்தும் பாதிப் பேச்சு கையில, மீதி மனசுக்குள்ள. அன்னைக்கு இன்னும் ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தா இதை நான் எழுதவே வேண்டியதில்லை. நினைச்சா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அம்மா ஒரு நாள் பூரா யோசிச்சாங்க. தம்பி கைக்குழந்தை, அவங்களால கிளம்ப முடியாது. சாயந்திரம் மெதுவா என்னைக் காட்டி, "அப்ப அம்மிணியையும் கூட்டிட்டுப் போங்க"ன்னாங்க. அப்பா உடனே "செரி"ன்னுட்டார். அவர் உடனே செரின்னதும் அம்மாவுக்குச் சந்தேகம். மாட்டேன்னு சொல்லியிருந்தா அதுவும் சந்தேகம்தான்.

தலை பின்னிவிடறப்ப எனக்கு உத்தரவு வந்தது. "அந்த ஊட்டுல யாரு இருக்கறாங்க, யாரு சோறு போடறாங்க, அப்பா யாருகூட என்ன பழமை பேசறாரு, எல்லாம் நல்லாப் பாத்துட்டு வரோணும். நான் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லிப்போடாத."

சொல்வேனா? எனக்குத் தலைகால் புரியலை. அதுவரைக்கும் தண்ணி பிடிக்கவும் தம்பிக்குத் தொட்டில் ஆட்டவும்தான் என்னைக் கூப்பிடுவாங்க. மொத தடவையா அம்மா என்னை ஒரு ஆளா மதிச்சு ஒரு வேலை குடுத்தாங்க.

துணிப்பையில புதுப் பாவாடை சட்டையோட ஒரு பொட்டலம் வெடியும் வச்சாங்க. ஓலைவெடி, கம்பி மத்தாப்பு, ரெண்டு பூச்சட்டி. பஸ் ஸ்டாண்டுல அப்பா பையைத் தூக்கறப்ப பொட்டலம் கண்ணுல பட்டுது. எடுத்துப் பார்த்தார். "அங்க வேண்டாம் கண்ணு"ன்னார். அவ்வளவுதான். பக்கத்துல பூ வித்துட்டிருந்த அம்மாகிட்ட, உங்க குழந்தைகளுக்கு வச்சுக்குங்கன்னு குடுத்துட்டார். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது. ஆனா அழுகைக்கு நடுவுலயும் நான் வேலையை விடலை. அந்த வீட்டுக்கு ஏன் வெடி கொண்டு போகக் கூடாது? மனசுல மொத வரியா எழுதிக்கிட்டேன்.

நல்ல மழை. பஸ்ஸுல பக்கவாட்டுத் தார்ப்பாயை இறக்கிவிட்டுட்டாங்க. உள்ள பீடிப் புகையும் ஈரத்துணி வாடையும். அவிநாசி தாண்டறதுக்குள்ள மூணு தரம் வாந்தி. ஈரோட்டுல இறங்கி இன்னொரு பஸ், அப்புறம் சேத்துல நடை. தோட்டத்து வீட்டுக்கு எப்பப் போய்ச் சேர்ந்தோம்னே எனக்குத் தெரியலை. யாரோ சுடுதண்ணியில முகம் கழுவிவிட்டாங்க, போர்வை போர்த்துனாங்க, நான் தூங்கிட்டேன். வந்தவுடனே பெரியவங்க நலம் விசாரிச்சுப் பேசியிருப்பாங்க இல்லைங்களா? வீட்டுக்காரர் எங்க, எப்ப வருவார்ங்கறதெல்லாம் அப்பத்தான் பேசியிருப்பாங்க. வேவு பார்க்க வந்தவ அந்த நேரத்துல வாயைப் பிளந்துட்டுத் தூங்கிட்டிருந்தேன்.

எழுந்து பார்த்தா அந்த வீட்டுல ரெண்டே பேர். அப்பாவோட சினேகிதரின் சம்சாரம், நான் அக்கான்னு கூப்பிட்டேன். அப்புறம் அந்த அக்காவோட மாமனார், காது சுத்தமாக் கேட்காது. சினேகிதரைக் காணோம். நானும் கேட்கலை. கேட்டா வேவு பார்க்கறது தெரிஞ்சு போயிடும்னு எனக்கு நானே ஒரு ரூல் போட்டிருந்தேன். அப்பாவுக்குப் படுக்கை மோட்டார் ரூம்ல, எனக்கு வீட்டுக்குள்ள. இதையும் குறிச்சுக்கிட்டேன்.

மத்தியானம் மழை விட்டதும் குளத்துக்குப் போனோம். நீங்க இப்பப் பார்த்த கம்பி வேலி, பார்வைக் கோபுரம், டிக்கெட் ரூம் ஒண்ணும் அப்பக் கிடையாது. கரைமேல வழுக்கி வழுக்கி நடக்கணும். தண்ணிக்குள்ள கருவேல மரங்கள் இடுப்பளவுக்கு முங்கி நின்னுது. ஒவ்வொரு மரத்துலயும் இலையே தெரியாத அளவுக்குப் பறவை. எச்சம் விழுந்து மரமெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருந்தது. நாத்தம்னா நாத்தம், கருவாட்டுக் கடைக்குள்ள மழைத்தண்ணி பூந்தது போல. நத்தை குத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரான்னு அப்பா வாய்க்குள்ளயே பேரைச் சொல்லிக்கிட்டார், எனக்காக இல்லை. கூழைக்கடா ஒண்ணு தண்ணியில இறங்கறப்ப காலை முன்னாடி நீட்டிச் சர்ருன்னு சறுக்கிட்டுப் போனது. தாமரை இலைமேல ஒரு பறவை நடந்துது, இலை அமுங்கவே இல்லை. அதை மட்டும் நான் வேவு வேலையை மறந்துட்டுப் பார்த்தேன். என்னையறியாம "அப்பா!"ன்னு கத்திட்டேன். அவர் திரும்பாமலே கையை ஆட்டி, சத்தம் போடாதேன்னார்.

அப்பா எண்ணுற விதம் இருக்கே, அதை இன்னைக்கு எந்தப் பறவைக்காரரும் செய்ய மாட்டாங்க. மில்லுல இருந்து கழிவு நூல் கொஞ்சம் சட்டைப் பையில வச்சிருப்பார். கண்ணைப் பைனாக்குலர்ல இருந்து எடுக்காம எண்ணிக்கிட்டே வருவார். நூறு ஆனதும் இடது கை விரல் தானா நூலுல ஒரு முடிச்சுப் போடும். குனிஞ்சு எழுதினா அதுக்குள்ள பறவை இடம் மாறிடும் இல்லைங்களா, அதுக்காக. பொழுது சாய்ஞ்சு வீட்டுக்கு வந்துதான் முடிச்சை எண்ணி நோட்டுல ஏத்துவார். அவர் பறவையை எண்ணினார். நான் அவரை எண்ணினேன். அந்த அக்காகூட எத்தனை தரம் பேசினார், யார் மொதல்ல பேசினது, எத்தனை தரம் சிரிச்சார்னு.

அதுதாங்க விசயம். அங்க அவர் சிரிச்சார். எங்க வீட்டுல நான் பார்க்காத சிரிப்பு. எனக்கு அது பிடிக்கலை. இப்பச் சொல்றேன், அது பொறாமை. அப்ப அதுக்குப் பேர் தெரியாததால சந்தேகம்னு வச்சுக்கிட்டேன்.

தீபாவளி அன்னைக்கு விடியக் கருக்கல்லயே அப்பா என்னை எழுப்பிக் கூட்டிட்டுப் போனார். எண்ணெய் தேய்க்கலை, புதுத்துணி போடலை. தூறல். கரைமேல போய் நின்னோம். கொஞ்ச நேரத்துல அந்த அக்கா எருமைக்குப் புல்லறுக்க வந்தாங்க, சாக்கை மடிச்சுத் தலையோட போர்த்திக்கிட்டு. அவங்களும் வந்து பக்கத்துல நின்னாங்க.

தூரத்துல, மலைப்பக்கம், தொப்பு தொப்புன்னு வெடிச் சத்தம் ஆரம்பிச்சது. சாமி சத்தியமாச் சொல்றேன், அப்புறம் நான் பார்த்ததை இதுவரைக்கும் வேற எங்கயும் பார்த்ததில்லை. அந்தத் திசையில இருந்து வரிசை வரிசையாப் பறவை வந்துது. ஒரு வரிசை இறங்கறதுக்குள்ள அடுத்தது. கிழக்க இருந்து, தெக்க இருந்து. மரத்துல இடம் இல்லாம ஒண்ணு மேல ஒண்ணு தள்ளிக்கிட்டு, கத்திக்கிட்டு, தண்ணியில விழுந்துக்கிட்டு. மேல பார்த்தா வானமே நகர்ற மாதிரி இருந்தது. அப்பா எண்ண ஆரம்பிச்சார், விரல் முடிச்சுப் போட்டுது, போட்டுது, அப்புறம் நின்னுடுச்சு. கையில நூலை வச்சுக்கிட்டு சும்மா நின்னார்.

"அண்ணா, எண்ணலீங்களா?"ன்னு அந்த அக்கா கேட்டாங்க.

"எண்ணி என்னம்மா பண்றது!"ன்னு அப்பா வாய்விட்டுச் சிரிச்சார். அந்த அக்காவும் சிரிச்சாங்க. நான் பறவையைப் பார்க்காம அவங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டு நின்னேன்.

மறுநாள் பொழுதோட வீட்டுக்கு வந்தோம். அப்பா குளிக்கப் போனார். அம்மா மாவாட்டிக்கிட்டு இருந்தாங்க. குழவியை நிறுத்தாம கேட்க ஆரம்பிச்சாங்க.

"நோம்பி எப்பிடி இருந்துது?"

"அந்த ஊட்டுல வெடியே வெடிக்கலம்மா. எம்பட வெடியவும் அப்பா பஸ் ஸ்டாண்டுலயே குடுத்துட்டாரு. அங்க வேண்டாம்னாரு."

குழவி நின்னுது. நம்ம பக்கத்துல உங்களுக்குத் தெரியாததா? எந்த வீட்டுல தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்காது? அந்த வருசம் சாவு விழுந்த வீட்டுல.

"பலகாரம்?"

"பக்கத்துத் தோட்டத்துல இருந்து ஒருத்தங்க தட்டத்துல கொண்டாந்து குடுத்தாங்க."

துக்க வீட்டுல அடுப்புல எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டாங்க, அக்கம்பக்கம்தான் கொண்டு வந்து குடுக்கும். அம்மா மூஞ்சி மாறிட்டே வந்துது.

"அந்த ஊட்டு ஆம்பள?"

"காணோம்மா. ஒரு தாத்தாதான் இருந்தாரு. அவுரு கண்ணுல தண்ணி வந்துட்டே இருந்துது."

விறகுப் புகை, கிழவருக்கு எரிச்சல், கண்ணுல தண்ணி வருது. அதைக்கூட நான் சாட்சி ஆக்கினேன் பாருங்க.

"டிரைவர் வேல... எங்கயாச்சும் அடிபட்டுட்டானாட்ட இருக்குது"ன்னு அம்மா தனக்குத் தானே சொல்லிக்கிட்டாங்க. "ஒரு வார்த்தை சொன்னாரா? செத்ததையே மறைச்சுப்போட்டு, நோம்பியும் அதுவுமா அங்க போயி..." அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க. "அந்தப் பொம்பள கழுத்துல தாலி தெரிஞ்சுதா?"

"முந்தாணையால மூடியிருந்தாங்க." இது நிஜம்.

"நெத்தியில பொட்டு இருந்துதா அம்மிணி? நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லு."

நினைச்சுப் பார்த்தேன். ரெண்டு நாள் அந்த முகத்தைப் பார்த்திருக்கேன். எனக்குச் சுடுதண்ணியில மூஞ்சி கழுவிவிட்டவங்க முகம். பொட்டு இருந்துதா, இல்லையா? சத்தியமா ஞாபகம் வரலை. தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். ஆனா அம்மா என்னையே பார்த்துட்டு இருந்தாங்க, வாழ்க்கையில மொத தடவையா என் பதிலுக்காகக் காத்துக்கிட்டு. தெரியலைன்னா நான் மறுபடியும் தொட்டில் ஆட்டப் போகணும்.

"இல்லம்மா"ன்னேன்.

அப்பா சிரிச்சதையும் சொன்னேன். எத்தனை தரம்னும் சொன்னேன். அம்மா மறுபடியும் குழவியைச் சுத்த ஆரம்பிச்சாங்க.

சண்டை ஒண்ணும் வரலைங்க. சண்டை வந்திருந்தா உடைஞ்சிருக்கும், உடைஞ்சா உண்மை வெளிய வந்திருக்கும். அடுத்த ஐப்பசியில அப்பா பரண்ல இருந்து பையை எடுத்துத் தட்டினார். அம்மா கையில தம்பியை வச்சுக்கிட்டு வாசப்படியில நின்னாங்க.

"நீங்க அங்க போனீங்கன்னா, நான் புள்ளைங்களத் தூக்கிட்டு மேட்டுப்பாளையம் போயிருவேனுங்க. அப்பறம் கூப்புட வரப்படாது." மேட்டுப்பாளையம் அம்மா பிறந்த ஊர்.

"ஏன்?"

"உங்களுக்குத் தெரியாததா?"

அப்பாவுக்கு நிஜமாவே தெரியலை. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பாடப் புஸ்தகத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டேன். அவர் பையை மறுபடியும் பரண்ல வச்சார். அந்தத் தீபாவளிக்குத் தம்பியைத் தோள்ல தூக்கிக்கிட்டு லைன் வாசல்ல மத்தாப்புக் காட்டினார். அதுக்கப்புறம் அந்தக் குளத்துக்கு ஒரு நாளும் போகலை. சிங்காநல்லூர்க் குளத்துக்குப் போறதுகூடக் கொஞ்சம் கொஞ்சமா நின்னுபோச்சு. பைனாக்குலர் எங்க போச்சுன்னு தெரியலை. நோட்டெல்லாம், ஏழோ எட்டோ இருந்தது, என் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சப்ப பழைய பேப்பரோட நானே தூக்கிப் போட்டேன். சில நோட்டுக்குள்ள முடிச்சுப் போட்ட நூல் இருந்தது. குப்பைன்னு உதறினேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், சொல்லாம விட்டா அரைகுறையாப் போயிடும். நான் சொன்ன பொய்யை நானே நம்பிட்டேன். வளர வளர எனக்கு அது முழுக் கதை ஆயிடுச்சு. எங்கப்பாவுக்கு ஒரு விதவைகூடத் தொடர்பு இருந்தது, அம்மா பொறுத்துக்கிட்டாங்கன்னே நாப்பது அம்பது வருசம் நினைச்சிருந்தேன். அவர் கையைப் பிடிக்கிறதை விட்டேன். அவர்கிட்ட நின்னு பேசறதை விட்டேன். பணிவிடையில குறை வைக்கலை, மரியாதையில குறை வைக்கலை. ஆனா வேற எதுவும் குடுக்கலை. கடைசியா ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, "ஜன்னல்ல வந்து உக்காந்துது பாரு, என்ன குருவி கண்ணு அது?"ன்னு கேட்டார். நான் செல்போன்ல இருந்து தலையைத் தூக்காம, "காக்காய்தாம்ப்பா"ன்னேன்.

இப்ப நம்ம வேன் கதைக்கு வாரேன். ரெண்டாம் நாள் காலையில குளத்து வாசல்ல டீக்கடை அம்மாகிட்ட உங்கள்ல ஒருத்தர் கேட்டீங்க, தீபாவளிக்கு இங்க ரொம்பக் கூட்டமா இருக்குமான்னு.

"தீவாளிக்கு எங்கூர்ல வெடியே கெடையாதுங்க"ன்னாங்க அந்தம்மா. "கொளத்தச் சுத்தி எந்த ஊர்லயும் வெடிக்க மாட்டோமுங்க. கூட்டுல குஞ்சு இருக்குதல்லங்க, பயந்துதுன்னா உட்டுப்போட்டுப் போயிருமுங்க. மத்த கொளத்துப் பறவைங்ககூட வெடிக்குப் பயந்துட்டு அன்னிக்கு இங்கதான் வந்து எறங்குமுங்க."

நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. ஒருத்தர் வீடியோ எடுத்தீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: "எத்தனை வருசமா இப்படி?"

"எம்பட மாமனாரு சின்னப் புள்ளையா இருக்கறப்ப இருந்தே அப்பிடித்தானாமுங்க."

கையில இருந்த டீயைக் கீழ வச்சுட்டு வேனுக்கு வந்துட்டேன். அங்க உட்கார்ந்து ஒவ்வொண்ணா உரிச்சேன். நாலு மைல் தள்ளி மலைப்பக்கம் வெடிச்சது என் காதுல விழுந்துது. கூப்பிடு தூரத்துல இருந்த ஊர்ல இருந்து ஒரு ஊசிவெடிச் சத்தம்கூட விழலை. அது ஒண்ணே போதுமே, வீட்டுத் துக்கம் இல்லை, ஊர் வழக்கம்னு தெரிஞ்சுக்க! பலகாரத் தட்டு? தீபாவளிக்கு எந்த வீட்டுக்குத்தான் பலகாரத் தட்டு வராது? டிரைவர் வீட்டுல இல்லையா? தீபாவளி ஸ்பெஷல் பஸ்ஸை யார் ஓட்டுவாங்க? அப்புறம் அந்தப் பொட்டு. ஒரு பொம்பளை நெத்தியில பொட்டு இருந்தா அது யார் கண்ணுலயும் படாது. இல்லாட்டித்தான் பளிச்சுன்னு தெரியும். எனக்கு ஞாபகம் வரலைன்னா, அது இருந்துச்சுன்னுதானே அர்த்தம்? இந்த வயசுல, வேன்ல உட்கார்ந்துதான் இது எனக்கு விளங்கினது. அந்த டிரைவர் வீடு எதுன்னு டீக்கடையில கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரலை. நீங்க பாட்டுப் பாடிக்கிட்டே வேன்ல ஏறினீங்க, எனக்கு உங்களை எல்லாம் இறக்கிவிட்டுடலாம்னு இருந்தது.

ரெண்டு நாள் தாங்கினேன். மூணாம் நாள் அம்மா முருங்கைக்கீரை உருவிட்டு இருந்தாங்க. எங்கம்மாவை உங்களுக்குத் தெரியும், வயசு எம்பத்தஞ்சுக்கு மேல, காது கூர்மை. பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். ஊர்ல யாருமே வெடிக்கிறதில்லைங்கறதைச் சொன்னேன். பொட்டு எனக்கு ஞாபகமே இல்லை, பொய் சொன்னேம்மான்னு அழுதுட்டேன்.

அம்மா கீரையை விட்டுக் கையை எடுக்கலை. "எனக்கு அப்பவே தெரியும்"னாங்க.

"எப்பவே?"

"அவர நிறுத்துனதுக்கு அடுத்த வருசமே. காரமடை போகோணும்னு உம்பட தம்பியத் தூக்கிட்டு பஸ்ஸுல ஏறுனேன். வண்டி ஓட்டுறது யாருன்னு பாத்தா, அந்த ஆளு! குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறான். 'நல்லா இருக்கீங்களா அண்ணி, அண்ணன் ஏனுங்க இப்பல்லாம் வரதில்ல'ன்னு கேட்டான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. காரமடையில எறங்காம மேட்டுப்பாளையம் வரைக்கும் போயிட்டேன்."

"அப்புறம் ஏம்மா அப்பாகிட்ட சொல்லலை? அவரை ஏன் போக விடலை?"

"என்னன்னு சொல்றது? உங்களச் சந்தேகப்பட்டேன், அதுக்கு உங்க புள்ளயவே வேவு பாக்க அனுப்பிச்சேன்னா?" அடுத்த இணுக்கை எடுத்தாங்க. "நோம்பிக்கு ஊட்டுல இருந்தாரல்ல. உங்களோட இருந்தாரு. போனாப் போச்சாதுன்னு உட்டுப்போட்டேன். உன்னைய அனுப்பிச்சது நானு. உனக்கு அப்ப என்ன தெரியும், கண்ணு."

எங்கம்மா ஒரு கதையை மூணு தரம் சொல்லாம விட மாட்டாங்க. உங்களுக்கே எத்தனை சொல்லியிருக்காங்க! இந்த பஸ் கதையை மட்டும் இத்தனை வருசத்துல ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. அதனால எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்துட்டது. நான் அழுதேன்னு அந்த நிமிசத்துல கட்டினாங்களா? கட்டினதா இருந்தா, அப்பா சாகற வரைக்கும் அம்மா கண்ணுக்குக் குத்தவாளியாவே இருந்துட்டுப் போயிட்டார். நிஜமா இருந்தா, அவர் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சே அத்தனை வருசம் உட்கார வச்சிருக்காங்க. ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டேன், எதையும் என்னால தாங்க முடியலைங்க. எந்த டிப்போ பஸ், தம்பிக்கு அப்ப என்ன வயசு, டிக்கெட் குடுத்தது யாருன்னு நாலு கேள்வி கேட்டா தெரிஞ்சு போயிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் கேட்கலை.

அம்மாதான் பேசினாங்க. "அந்தக் கொளத்த நான் கண்ணுலயே பாத்ததில்ல. ஒருக்கா கூட்டிட்டுப் போறயா?"

அதனால வர்ற தீபாவளிக்கு வேன் எடுக்கறோம். மறுநாள் இல்லை, தீபாவளி அன்னைக்கே. விடியறதுக்கு முன்னால கரையில நிக்கணும். அம்மாவுக்கு முன் சீட்டு, அதுல யாரும் துண்டு போடாதீங்க. வழியில பாடிக்குங்க, சாப்பிடுங்க, என்ன வேணா பண்ணுங்க. ஆனா எங்கம்மாகிட்ட அப்பாவைப் பத்தி, அந்த பஸ்ஸைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. பெத்த மக நானே கேட்கலை.